பிளம் கட்டையில் கடைந்த மான்குழல்

பிளம் மரத்தைப் போல ஒரு துரோகி மரம் கிடையாது. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்; கோபத்தில்தான் சொல்கிறேன். அறுத்த உடனே பார்த்தால் உள்ளே ஊதாவும் சிவப்பும் கலந்து ஓடும், கூறைச்சேலைக் கரையே தோற்றுப்போகும். அந்த நிறத்துக்குத்தான் சனம் மயங்குகிறது. காயத் தொடங்கினால்தான் அதன் குணம் தெரியும். நடுத்தண்டிலிருந்து பட்டை வரை பிளந்துகொண்டு போகும். காயும்போது தப்பினால் கடையும்போது வெடிக்கும், கடையும்போது தப்பினால் துளை போடும்போது வெடிக்கும். எல்லாவற்றிலும் தப்பி, மெழுகு பூசி, பெட்டியில் வைத்து அனுப்பிய பிறகு, வாங்கின ஆளின் சட்டைப்பைக்குள் இருந்து வெடித்ததும் உண்டு. அவர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கடிதம் வேறு.

நான் கடைசல் வேலை செய்கிறவள். ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வேட்டைக்காரர்களுக்கு மான் கூப்பிடும் குழல் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. முதலாளி ஜெர்மன்காரர்; அவரும் வேட்டைக்காரர். வேலையாள் என்று நான் ஒருத்திதான். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மரவேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரசாத வரிசையில் போய் நின்றுவிடுவேன்.

குழல் என்றதும் புல்லாங்குழலை நினைக்க வேண்டாம். நடுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் மொத்தம், உள்ளே ஒரு மெல்லிய தகட்டு நாக்கு. ஆடி மாதத்தில் இங்கே கிடாமான்கள் பெட்டை தேடி அலையும். வேட்டைக்காரர் பரணில் ஏறி இருந்துகொண்டு பெட்டையின் குரலில் ஊதுவார், கிடா வரும். இன்னொரு குரலும் உண்டு, அது குட்டியின் குரல். குட்டி பயந்து கத்துவது போல ஊதினால் தாய் விழுந்தடித்து ஓடி வரும், தாயின் பின்னால் கிடா வரும். அவ்வளவுதான் தந்திரம்.

என் கணவர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொடமாட்டார். நான் வேலையால் வந்து குளித்துவிட்டு இருந்தால் தொடங்குவார்:

"பிள்ளை அழுகிற சத்தத்தில தாயைக் கூப்பிடுறாங்கள். அதுக்கு நீர் குழல் கடைஞ்சு குடுக்கிறீர். நல்லாயிருக்கு உம்மட உத்தியோகம்."

நான் விடுவேனா? "தாயை அந்த நேரத்தில சுடக்கூடாதெண்டு சட்டம் இருக்கு, கிடாயைத்தான் சுடுறது. நீங்கள் இப்ப சாப்பிடுற கத்தரிக்காய்க் குழம்பும் உந்தக் குழலுக்குள்ளாலதான் வந்தது, தெரியுமோ?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு இன்னொரு அகப்பை குழம்பு கேட்பார். வாய்தான் அப்படி. லொறி ஓட்டிக் களைத்து வந்தாலும் எனக்கு மரம் அறுத்துத் தருகிறவர் அவர்தான். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துண்டில் நின்ற பிளம் மரம் ஒரு புயலில் சரிந்தபோது, அதைத் துண்டு துண்டாக அறுத்து, நடுத்தண்டை நீக்கி, வெட்டுமுகங்களில் மெழுகு பூசிக் கெல்லரில் அடுக்கி வைத்தார். கெல்லர் என்றால் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள நிலவறை. "ரெண்டு வருசத்துக்கு உதைத் தொடாதையும். நீர் அவசரக்காரி" என்று எச்சரிக்கையும் செய்தார். அவர் சொன்னது சரிதான். அவசரக்காரருக்குப் புத்தி மட்டு.

அடுத்த பங்குனியில் அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. வலக்கை, வலக்கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில், தேத்தண்ணி ஆறுவதற்கு முன் போய்விட்டன. ஜெர்மன் போனது போகட்டும். தமிழும் போய்விட்டது. நாங்கள் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னை "இஞ்சேரும்" என்றுதான் கூப்பிட்டார். எங்கள் ஆட்களில் யார் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது? குளியலறையில் துவாய் இல்லையென்றாலும் "இஞ்சேரும்", குண்டு விழுந்த காலத்தில் பங்கருக்குள் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டதும் "இஞ்சேரும்". அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து திரும்ப வராதா என்று நான் வைக்காத நேர்த்தி இல்லை. வரவில்லை. தொண்டையில் "ஆங், ஆங்" என்று ஒரு சத்தம் மிஞ்சியது. அது அடுத்த அறைக்கே கேட்காது.

அவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக ஏலாது. வேலையை விடவும் ஏலாது. முதலாளி நல்ல மனிதர், பழைய சின்னக் கடைசல் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கெல்லரில் பூட்டித் தந்தார். கணவர் இரண்டாம் மாடியில் கட்டிலில், நான் நிலத்துக்கு அடியில் மெசினில். ஹம்பேர்க்கில் வேலை செய்யும் மகள் போனில் கத்தினாள்:

"அம்மா, நீங்கள் கீழ நிண்டா அப்பா கூப்பிடுறது எப்பிடிக் கேக்கும்? விழுந்து கிடந்தாலும் தெரியாதே!"

மகளே ஒரு அவசரப் பொத்தானுக்கு விண்ணப்பித்துக் கழுத்தில் மாட்டவைத்தாள். அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஜெர்மனில் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பாள். சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் அதை அழுத்துகிறார்? இரண்டாம் தடவை அவள் கேட்டதும் கழற்றித் தலையணைக்குக் கீழே செருகிவிட்டார். கைமணி ஒன்று வாங்கி வைத்தேன். அதைத் தூக்கி எறிந்தார். பிறகு நான் கால்மணிக்கு ஒருதரம் மெசினை நிறுத்தி, படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகிவிட்டது. முழங்கால் தேய்ந்தது. கடைசல் வேலையும் கெட்டது.

ஒருநாள் செய்து முடித்த குழல்களைச் சோதித்துப் பார்க்க மேலே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மானின் குட்டி கத்தியது. கூர்மையாக, உயிர் போகிற மாதிரி. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் இடக்கையில் குழலோடு இருந்தார். ஒரு பக்கம் இழுத்த வாயின் நல்ல மூலையில் குழலை வைத்து ஊதியிருக்கிறார். நான் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்தார். குட்டியின் குரலுக்கு ஓடிவரும் தாயைப் பற்றி என்னை நையாண்டி செய்தவரல்லவா! வாதம் அடித்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன், பிறகு குசினிக்குள் போய் அழுதேன். வெங்காயம் வசதியாக இருந்தது.

அந்தக் குழல் யாரோ ஒருவர் ஓடர் கொடுத்தது. "உங்களுக்கெண்டு ஒண்டு செய்து தாறன்" என்றேன். பீச் மரக் கட்டையைக் கொண்டுவந்து காட்டினேன், தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் குழலைக் காட்டினேன், முகத்தைத் திருப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தாங்கலாகக் கெல்லருக்குக் கூட்டிப் போனபோது, தான் அறுத்து அடுக்கிய பிளம் கட்டைகளில் இடக்கையை வைத்துக்கொண்டு, கையை எடுக்கமாட்டேன் என்று நின்றார். வேண்டாம், அது வெடிக்கும் என்று எத்தனை தரம் சொன்னேன். பேச்சுப் போனாலும் பிடிவாதம் போகவில்லை.

சரி என்று தேடினேன். பட்டை ஓரமாக, நேர்நாராக, ஒரு முடிச்சும் இல்லாமல் ஐந்து துண்டுதான் தேறின. அளவுக்கு மேல் மொத்தமாக வைத்து முதல் கடைசல் கடைந்தேன். அதற்குப் பிறகு அவற்றைச் சீவலுக்குள் புதைத்துக் கடதாசிப் பையில் கட்டிக் குளிர்ந்த இடத்தில் விடவேண்டும். கிழமைக்கு ஒருதரம் தராசில் நிறுத்து, இனி நிறை குறையவில்லை என்று கண்ட பிறகுதான் துளை. மூன்று மாதம் அப்படியே ஒழுங்காகச் செய்தேன். நிறை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் இருந்தது.

அப்போது நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதியின் மூன்று நாளும் ஆயுதங்கள் சாமித்தட்டில் இருக்கும். விஜயதசமி காலைப் பூசை முடியும் வரை தொடக்கூடாது. வருசாவருசம் என் உளிகளைக் கழுவிச் சந்தனப்பொட்டு வைத்து அடுக்குவேன். அந்த வருசம் உளிகளோடு அந்த ஐந்து கட்டைகளையும் பையிலிருந்து எடுத்து அம்மாளாச்சியின் காலடியில் வைத்தேன். அவருடைய குரல் வரப்போவது அவற்றிலிருந்துதானே, வாணியின் முன்னால் வைக்காமல் வேறெங்கே வைப்பது?

சாமித்தட்டு எங்கே இருந்தது? ஹோலில், ஹைற்சுங் என்கிற அறைச் சூடேற்றிக்கு மேலே. குளிர் தொடங்கிய கிழமை. வாதம் பிடித்த கை விறைக்கிறது என்று நான்தான் அந்த ஹைற்சுங்கை முழுவதும் திருகி விட்டிருந்தேன். இத்தனை வருசமும் அங்கே இரும்பு உளிகள் இருந்தன, அவற்றுக்கு வெக்கையால் என்ன வரும்? மரத்துக்கு வரும். பிளம் மரத்துக்கு நிச்சயம் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே! பக்தி வந்தால் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை.

இரண்டாம் நாள் விளக்கேற்றி, கடலை அவித்து வைத்துப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தார். திடீரென்று "ஆங், ஆங்" என்று இடக்கையால் தட்டைக் காட்டினார். கடலை கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பொறுங்கோ, பூசை முடியட்டும்."

"ஆங்! ஆங்!"

"சின்னப்பிள்ளை மாதிரி என்ன இது? படைக்க முதல் எடுக்கக்கூடாதெண்டு தெரியாதே?"

அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன், மெல்லவும் வைக்கவில்லை. அப்போது எனக்கும் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஹைற்சுங் குழாய் சூடேறினால் அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தேன். அது குழாய் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று இருந்துவிட்டேன். கெடுகுடி சொற்கேளாது.

விஜயதசமி காலை பூசை முடித்து எடுத்தேன். நான்கு கட்டைகள் தலையிலிருந்து கால் வரை பிளந்திருந்தன. ஒன்றுக்குள் என் நகமே போனது. அவர் ஒவ்வொன்றாக இடக்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது, அவர் சொன்னார், நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டு என்ன? ஒட்டுமா?

ஐந்தாவது தப்பியிருந்தது. அதை மாசி மாதம் வரை நான் மூச்சு விடாமல் காத்தேன். துளை போடும்போது டிரில் சூடேறக்கூடாது என்று நெல்மணி அளவு உள்ளே விட்டு வெளியே எடுத்து, உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஒரு குழலுக்கு அரை நாள் பிடித்தது. நாக்கு வைத்து, தேன்மெழுகு பூசி, கழுத்தில் மாட்ட ஒரு கறுப்பு நூலும் கட்டினேன். அவர் ஊதினார். ஐயோ, என்ன குரல்! நான் செய்த எந்தக் குழலுக்கும் அப்படி ஒரு குரல் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. ஆனால் அதுதான். ஜன்னலைப் பூட்ட ஊதுவார், டிவியை மாற்ற ஊதுவார். கெல்லரில் மெசினை நிறுத்திவிட்டு மரம் பூட்டும் நேரத்தில் படிக்கட்டு வழியாக அந்தச் சத்தம் இறங்கி வரும். ஏறிப் போனால் ஒன்றும் வேண்டாம், சும்மா என்னைப் பார்ப்பதற்கு. "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று பேசுவேன். பேசிவிட்டுக் கொஞ்சநேரம் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் இறங்குவேன்.

சித்திரையில் குழலின் விளிம்பில் ஒரு மயிரளவு கீறல் கண்டேன். எச்சில் ஈரம் பட்டுக் காய்ந்து, பட்டுக் காய்ந்து வந்தது. பசை விட்டு ஒட்டலாம், ஆனால் வாயில் வைக்கிற சாமானுக்கு அதை விட மனம் வரவில்லை. மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். வேறு நல்ல கட்டையில் ஒன்று செய்து மாற்றிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ஆடி வரப்போகிறது, வேட்டைக்காரருக்குப் பொறுமை இல்லை, முதலாளி நாளும் போன் எடுக்கிறார். "இந்த ஓடர் முடியட்டும்" என்று என் கணவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

முதலாளி அந்த நாட்களில் குழல்களை எடுத்துப் போக வருவார். அப்படி வந்த ஒருநாள் தன் கவலையைச் சொன்னார். போன வருசம் அவர் ஊதியதற்கு ஒரு கிடா வந்து, மனித வாடை பிடித்துத் திரும்பிவிட்டதாம். "ஒரு முறை வந்து ஏமாந்தது அதற்குப் பிறகு வராது. எவ்வளவு இனிமையாக ஊதினாலும் வராது" என்றார். அதற்கென்று அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. நான் பெட்டியைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இருபது குழல் கடையவேண்டும். மெசினோடு சீவல் உறிஞ்சும் யந்திரமும் ஓடினால் அந்தச் சின்ன அறைக்குள் காது கிழியும், ஆகவே இரண்டு காதையும் மூடும் காதுமூடியைப் போட்டேன். வழமையாகக் கால்மணிக்கு ஒருதரம் கழற்றுவேன். அன்றைக்கு மரம் நன்றாக ஓடியது. ஒன்று முடிந்தால் அடுத்தது, அடுத்தது முடிந்தால் இன்னொன்று. நிமிர்ந்து மணியைப் பார்த்தபோது மதியம் தாண்டிவிட்டது.

அவர் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கண் விழித்துத்தான் இருந்தார். இடக்கையில் குழல், அது எச்சிலில் நனைந்து ஊறிப்போயிருந்தது. உதட்டில் வட்டமாகக் குழலின் அச்சு. நான் "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கத்திக்கொண்டு பக்கத்தில் விழுந்தேன். கழுத்தில் அந்தக் காதுமூடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துகொண்டு நான் அந்தக் குழலைத்தான் திட்டினேன். துரோகி மரம், கீறல் விழுந்து குரல் போயிருக்கும், போனதால்தான் எனக்குக் கேட்கவில்லை. அப்படித்தான் மகளுக்கும் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது, மேல்மாடியில் இருக்கும் ஜெர்மன் மனுசி படியில் என்னைக் கண்டு நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை உங்கள் கணவர் வெகுநேரம் ஊதினாரே. காலையிலிருந்தே. பயிற்சி செய்கிறார் என்று நினைத்தேன். மிகவும் நன்றாக முன்னேறிவிட்டார், மேலே வரை தெளிவாகக் கேட்டது."

நன்றி சொன்னேன். அந்த மரம் ஒரு துரோகமும் செய்யவில்லை. மேல்மாடி வரை கூப்பிட்டிருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, என்னைத் தவிர.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஊதவில்லை. குழல் கழுத்தில் கிடக்கும், தண்ணீர் வேண்டுமென்றாலும் ஊதமாட்டார். நானாகப் போய்க் கொடுத்தால் குடிப்பார், போகாவிட்டால் கிடப்பார். நான் கெல்லர் வேலையை விட்டுவிட்டேன், மெசினை முதலாளி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது நாள் முழுக்க அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "ஒருக்கா ஊதுங்கோ, பாப்பம்" என்று கெஞ்சியிருக்கிறேன். கோபத்தில் கத்தியும் இருக்கிறேன். அவர் கோபப்படுவதும் இல்லை. கோபப்பட்டால்கூட எனக்குப் போதும்.

இந்த வருசம் நவராத்திரிக்குச் சாமித்தட்டை ஹைற்சுங்குக்கு மேலிருந்து எடுத்து எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். இனிக் கடைவதில்லை என்றாலும் உளிகளைக் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கினேன். அவர் நாற்காலியை ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தார். கழுத்திலிருந்து நூலைக் கழற்றினார். அதற்கு அவருக்கு நிறைய நேரம் எடுத்தது, நான் உதவிக்குப் போகவில்லை, என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. குழலை உளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோசம்! ஆயுதம் என்று வைக்கிறார், பூசை முடிய எடுத்து ஊதத்தான் போகிறார் என்று நினைத்தேன். மூன்று நாளும் அம்மாளாச்சியிடம் வேறொன்றும் கேட்கவில்லை. விஜயதசமி காலை தீபம் காட்டி, திருநீறு பூசிவிட்டு, முதல் காரியமாகக் குழலை எடுத்து, அவருக்கு முன்னால் ஒரு நாற்காலியில் அமர்ந்து நீட்டினேன்.

"இந்தாங்கோ. பூசை முடிஞ்சுது."

அவர் வாங்கவில்லை. நீட்டிய என் கையைத் தன் இடக்கையால் பிடித்து, மெல்லமாக, திரும்ப என் மடியில் வைத்தார்.